திருச்சாரணத்து மலை

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு ஒரு வினா அவ்வப்போது உள்ளத்தில் எழுவதுண்டு. ‘நாம் இங்கு வந்தவர்கள். என்றேனும் ஒருநாள் திரும்பிச் செல்லவும் கூடும். நம் மக்கள் இவ்வூராரோடு கலந்து இவ்வூராராகவே ஆகிவிடவும் கூடும். நாம் கொண்டு வந்த மொழியும் வழிபாடும் வழக்கமும் நமக்குப் பின்னர் என்ன ஆகும்? அவற்றைக் காப்பவர் யார்?’ என்பதே அவ்வினா. இதற்கு நூல்கள் விடை கூறலாம், பெரியோர் கூறலாம். திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், ஒரு சிறு குன்று ஓராயிரம் ஆண்டுகளாக விடை கூறிக்கொண்டு நிற்கிறது. அக்குன்றின் வரலாற்றைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் ஊர்களைக் கடந்து களியக்காவிளையை அடைகிறது. அங்கே கேரள மாநிலம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. எல்லையைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் குழித்துறையும் மார்த்தாண்டமும் வரும். மார்த்தாண்டத்திலிருந்து உள்நோக்கிப் பிரியும் வழியில் சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பது சிதறால் என்னும் சிற்றூர். தென்னையும் வாழையும் இரப்பர் மரமும் அடர்ந்த மேடுபள்ளமான நிலம் அது. கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் பாறைக் குன்று ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. மக்கள் அதனை ‘மலைக்கோவில்’ என்பர். ‘சொக்கன் தூங்கி மலை’ என்றும் கூறுவர். பழங்கல்வெட்டுகள் அதற்கு வழங்கும் பெயர் திருச்சாரணத்து மலை என்பது.

இந்த எல்லைக்கோடு பழமையானதன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, திருவிதாங்கூரின் தென்பகுதியாகிய அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன்னர்ச் சிதறால் திருவனந்தபுரத்து அரசின் கீழ் இருந்த ஊர். ஆதலின் இக்குன்றின் வரலாற்றைக் கேரள வரலாறு எழுதுவோரும் எழுதுகின்றனர். தமிழக வரலாறு எழுதுவோரும் எழுதுகின்றனர். இரு திறத்தாரும் கூறுவது மெய்யே.

குன்றின் அடியிலிருந்து கல் பாவிய வழி மேலே செல்கிறது. ஏற்றம் கடுமையானதன்று, முதியோரும் இடையிடையே இருந்து இளைப்பாறி ஏறலாம். மேலே செல்லச் செல்ல, கிழக்கிலும் வடக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரிசை கண்ணுக்குத் தெரியும். உச்சியை நெருங்கியதும், இரு பெரும் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய வழியொன்று வருகிறது. அதனைக் கடந்தால், கூரை போல முன்னே நீண்டு கவிந்த பெரும்பாறை ஒன்று தோன்றும். இயற்கையே அமைத்த இக்குகையின் பாறைமுகத்தில் சமணத் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. நின்ற கோலத்தில் சில, அமர்ந்த கோலத்தில் பல, தலைக்கு மேல் முக்குடை, இருமருங்கிலும் ஏவலர். ஐந்து தலை நாகம் படம் விரித்து நிழல் செய்ய நிற்பவர் இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரராகிய பார்சுவநாதர். சிங்கமும் இரு குழந்தைகளும் அருகிருக்க நிற்கும் பெண்ணுருவம் அம்பிகை என்னும் இயக்கி. தருமதேவி என்றும் அவளை வழங்குவர்.

குகையின் உட்பகுதியோடு இணைத்துக் கோயில் ஒன்று பின்னாளில் எழுப்பப்பட்டது. அதில் மூன்று கருவறைகள் உள்ளன. தீர்த்தங்கரர் ஒருவர், பார்சுவநாதர், தேவி என மூவர்க்கு அவை உரியவை. தேவியை இன்று மக்கள் பகவதி என வணங்குகின்றனர். முன்னே மண்டபமும் பலிபீடமும் மடைப்பள்ளியும் இருக்கின்றன. கவிந்த பாறையின் தலையில் செங்கல்லும் சுதையும் கொண்டு கட்டிய கோபுரம் ஒன்று சிதைந்து நிற்கிறது. அருகே நீர் தேங்கிய சுனை ஒன்றும் உண்டு. அளவில் சிறிய இடம். ஒரு நாழிகையில் சுற்றிவந்து விடலாம். அதன் பொருளை அறிந்துகொள்ளவோ, பாறையில் எழுதியிருப்பதைப் படித்தாக வேண்டும்.

முதலில் பெயரைக் காண்போம். ‘சாரணர்’ என்பார் சமணத் துறவியருள் ஒரு வகையினர். தவத்தின் ஆற்றலால் வான்வழியே இயங்கவல்லவர் என்பது சமண நூல்கள் கூறும் மரபு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்குச் செல்லும் வழியில் சாரணரைக் கண்டு வணங்கும் செய்தியை நேயர் பலரும் அறிவர். அச்சாரணர்க்கு உரிய புனித மலை என்பதே திருச்சாரணத்து மலை என்னும் பெயரின் பொருள். சமணத் துறவி ஓரிடத்தில் நிலைத்துத் தங்கலாகாது. ஊர் ஊராக நடந்துகொண்டே இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் மட்டும், நடப்பதால் சிற்றுயிர்கள் மடியுமே என்று அஞ்சி, ஓரிடத்தில் ஒதுங்கித் தங்கலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் இந்நாட்டில், மழை உட்புகாத கவிபாறை ஒன்று நடந்து வந்த துறவியர்க்கு எத்துணை அரிய புகலிடமாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். சுனை நீர் பருகுவதற்கு. அடிவாரத்து ஊர்கள் உணவு பெறுவதற்கு. குகை இருந்து ஓதுவதற்கு. துறவியர் இக்குன்றைத் தேர்ந்துகொண்டதன் காரணம் அதன் அமைப்பிலேயே விளங்குகிறது.

இனி, திருவுருவங்களுக்குக் கீழே உள்ள சிறு கல்வெட்டுகளைக் காண்போம். வட்டெழுத்தில் தமிழ்மொழியில் எழுதப்பட்டவை அவை. இன்ன திருமேனியை இன்னார் செய்வித்தார் என்பதற்கு மேல் அவை ஒன்றும் கூறுவதில்லை. எனினும் அச்சிறு தொடர்களே இம்மலையின் பெருஞ்செல்வம். அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் அவற்றுள் ஒன்றில் வருகிறது. அதே பெயர் மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி முதலிய இடங்களிலும் பாறைகளில் காணப்படுகிறது. திருநறுங்கொண்டை மேலைப்பள்ளியைச் சேர்ந்த வீரநந்தி அடிகள் என்பவர் ஒரு திருமேனியைச் செய்வித்திருக்கிறார். காட்டாம்பள்ளியைச் சேர்ந்த உத்தணந்தி அடிகள் என்பவர் மற்றொன்றைச் செய்வித்திருக்கிறார்.

திருநறுங்கொண்டை எங்கே உள்ளது? இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் உள்ளது. சாலை வழியே அளந்தால் சிதறாலுக்கும் அதற்கும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். வண்டியில் ஏறுவதையும் மறுத்த துறவியர் அத்தனை தொலைவையும் கால்நடையாகக் கடந்து வந்து, தாம் கண்டறியாத நாட்டின் பாறையில் தம் இறைவன் திருவுருவைச் செதுக்குவித்து, அதன்கீழ்த் தம் பெயரோடு தம் ஊர்ப் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதிவைத்துச் சென்றனர். வெளியூரில் வாழ்கின்றவன் தன் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டன்றோ? அதே உள்ளம்தான் அன்று உளியைப் பிடித்தவரையும் ஏவியது.

மக்கள் வருகை ஒருவழிப் பாதையாகவும் இல்லை. கோவிற்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே உள்ள கழுகுமலையில் நூற்றுக்கு மேற்பட்ட சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் உள்ளன. அங்கே திருச்சாரணத்துக் குரத்திகள் ஒருவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வடக்கிலிருந்து துறவியர் இம்மலைக்கு வந்தது போலவே, இம்மலையின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய ஒருவர் பாண்டிய நாட்டின் மலைக்குச் சென்று தொண்டு செய்திருக்கிறார். இடைவழியில் எத்தனையோ காடுகள், ஆறுகள், அரசர்களின் எல்லைகள்! அவை யாவும் அந்த நடையைத் தடுத்து நிறுத்தவில்லை.

‘குரத்தி’ என்னும் சொல்லை இங்கே விளக்குதல் வேண்டும். குரவர் என்பது ஆசிரியரைக் குறிக்கும். அதன் பெண்பாலே குரத்தி என்பது. சிறப்புப் பற்றிக் குரத்திகள் என்று எழுதினர். சமணப் பள்ளிகளில் பெண்கள் துறவு பூண்டதோடு நில்லாது, மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கினர் என்பதற்கு இச்சொல்லே சான்று. இம்மலையின் புகழ்பெற்ற கல்வெட்டும் அத்தகைய பெண் ஒருவரைப் பற்றியதே. ஆய் மன்னனாகிய விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் இம்மலையின் பட்டாரியார்க்குப் பொன்னணிகள் அளித்தார் என்பது அக்கல்வெட்டின் செய்தி. பட்டாரியார் என்பது தேவியைக் குறிக்கும் மதிப்புச் சொல்.

இச்சிறு செய்தியில் பல உண்மைகள் அடங்கியுள்ளன. ஆசிரியரின் பெயர் அரிட்டநேமி. அது இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் பெயர். அத்தீர்த்தங்கரர்க்கு உரிய இயக்கியே அம்பிகை. இரு குழந்தைகளோடும் சிங்கத்தோடும் பாறையில் நிற்பவள். பொருளைத் துறந்தவர்களின் மலையிலே தேவிக்குப் பொன் பூட்டும் வழக்கம் இருந்தது என்பதும் இதனால் தெளிவாகிறது. தீர்த்தங்கரர் பற்றற்றவர், அவரிடம் சென்று குழந்தை வேண்டும், நோய் தீரவேண்டும் என்று கேட்பதற்கு இடமில்லை. தாயாகிய இயக்கியிடம் எதனையும் கேட்கலாம். அடிவாரத்து உழவரும் மகளிரும் தம் குறைகளைச் சொல்லி வணங்கிய தெய்வம் அவளாகத்தான் இருந்திருக்க வேண்டும். பின்னர் நிகழ்ந்த மாற்றத்திற்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

மன்னனைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஆய் குலத்தார் சங்க நூல்களில் பொதியமலைத் தலைவராகப் போற்றப்பட்டவர். பிற்காலத்தில் அவர்கள் ஆட்சி திருவனந்தபுரத்தின் தெற்கே உள்ள விழிஞத்தைத் துறைமுகமாகக் கொண்டு விளங்கியது. 2025ஆம் ஆண்டு பெருந்துறைமுகம் ஒன்று தொடங்கிவைக்கப்பட்ட அதே விழிஞத்தில், கி.பி. எட்டாம் நூற்றாண்டினது என்று கருதப்பெறும் சிறு குடைவரைக் கோயில் ஒன்றை இன்றும் காணலாம். அதன் புறச்சுவரில் சிவபெருமான் உருவங்கள் செதுக்கி முடிக்கப்பெறாமலே நிற்கின்றன. இக்குலத்து மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டு முஞ்சிறைச் சபையாரிடம் தன் நிலத்தை மாற்றாகக் கொடுத்து, அவர்கள் நிலத்தைப் பெற்று, திருமாலுக்குக் கோயில் எடுத்து, 95 மாணாக்கர் தங்கி வேதம் ஓதும் சாலை ஒன்றையும் நிறுவினான். அதுவே பார்த்திவசேகரபுரம் சாலை. காந்தளூர்ச் சாலையைப் பின்பற்றி அதன் விதிகள் அமைந்தன. அவ்வறத்தைக் கூறும் செப்பேடுகள் திருவனந்தபுரம் அரசுச் செயலகத்தில் கிடைத்தமையால் ஹஜூர் கச்சேரிச் செப்பேடுகள் எனப்பட்டன.

அவனுக்குப் பின் ஆண்டவன் விக்கிரமாதித்த வரகுணன். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவன் என்பது அறிஞர் கருத்து. சமணத் தேவிக்கு அளித்த பொன்னைக் கூறும் கல்வெட்டு இவன் ஆட்சியாண்டைக் கொண்டு எழுதப்பட்டது. திருமூலவாசம் என்னும் புகழ்பெற்ற புத்தப் பள்ளிக்கு நிலம் அளித்தவனும் இவனே. பாலியம் செப்பேடு அதனைக் கூறுகிறது. ஒரே குலத்து ஆட்சியில் திருமால் கோயிலும் வேதச் சாலையும் சமணக் குன்றும் புத்தப் பள்ளியும் அரசின் நிழலில் வாழ்ந்தன. இது வெறும் பெருந்தன்மை என்று கொள்வதினும், நாட்டின் தேவை என்று கொள்வதே பொருந்தும். கடல் வாணிகத்தால் வாழ்ந்த துறைமுக அரசு அது. பல நாட்டாரும் பல சமயத்தாரும் வந்துசெல்லும் நாட்டில், வந்தவரை மதிக்கும் அரசே நிலைபெறும்.

காலம் மாறியது. சோழரும் பாண்டியரும் சேரரும் மோதிய போர்க்களமாயிற்று இந்நிலம். ஆய் அரசு மறைந்தது. சைவமும் வைணவமும் ஓங்கின. சமணத்திற்கு அரசர் அளித்துவந்த ஆதரவு சுருங்கியது. நடந்து வரும் துறவியர் குறைந்து, பின்னர் இல்லாமலே போயினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் குகையோடு மண்டபமும் மடைப்பள்ளியும் சேர்ந்தன, தேவி பகவதியானாள். அதன்பின் இம்மலை பகவதி கோயிலாகவே அறியப்பட்டது.

இம்மாற்றத்தை வெற்றி என்று சிலரும் இழப்பு என்று சிலரும் கூறுவர். நாம் பாறையை நோக்கினால் வேறொன்று புலனாகிறது. பகவதிக்கு விளக்கேற்றியவர்கள் பக்கத்துக் கருவறைகளிலிருந்த தீர்த்தங்கரரை வெளியேற்றிவிடவில்லை. பாறைமுகத்துத் திருவுருவங்களும் அவற்றின் கீழ் எழுதிய பெயர்களும் நிலைத்திருக்கின்றன. அவ்வுருவங்கள் யாருடையவை என்பதை ஊரார் மறந்தனர். ஆயினும் அவை வணங்கத்தக்கவை என்பதை மறக்கவில்லை. மறதியும் மரியாதையும் ஒருங்கே இருந்த இந்நிலையே மலையைக் காத்தது. வணங்குவார் ஒருவரும் இல்லாமற் போயிருப்பின், கற்களைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டு சென்றிருப்பர். இன்று அங்கே வெறும் பாறையே எஞ்சியிருக்கும்.

இத்தகைய இடம் இஃது ஒன்று மட்டும் அன்று. நாகர்கோவிலுக்குப் பெயர் தந்த நாகராசர் கோயிலில், தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் வீற்றிருப்பதைக் காணலாம். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அக்கோயிலில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர் பணிபுரிந்தனர் என்றும், வேணாட்டு மன்னன் பூதலவீர உதயமார்த்தாண்டவர்மன் காலத்தில் நிலம் அளிக்கப்பட்டது என்றும் கல்வெட்டுகள் கூறுகின்றன. வடக்கே எறணாகுளம் மாவட்டத்தில் பெரும்பாவூருக்கு அருகில் கல்லில் என்னும் இடத்திலும் பாறைக்குகை ஒன்றுண்டு. அங்கும் தீர்த்தங்கரர் உருவங்களோடு தேவி பகவதியாக வணங்கப்படுகிறாள்.

கடல் கடந்த நாடுகளிலும் இதற்கு ஒப்பு உண்டு. ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கே, வெல்வா மாகாணத்து மலைப்பகுதியில் அல்மோனாஸ்தெர் லா ரியால் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றின்மேல், கோட்டைக்குள், பத்தாம் நூற்றாண்டளவில் எழுந்த பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் அங்கே நின்ற கிறித்தவக் கோயிலின் கற்களும், அதற்கும் முந்திய உரோமர் காலத்துத் தூண்களும் அதன் சுவர்களிலும் வளைவுகளிலும் கலந்துள்ளன. பின்னர்க் கிறித்தவர் ஆட்சி வந்தபொழுது அது மாதாகோயில் ஆயிற்று. எனினும் தொழுகைத் திசையைக் காட்டும் மாடம் இடிக்கப்படாமல் இன்றும் நிற்கிறது. சிதறால் குன்றில் சமணத் துறவியர் உளியை ஓச்சிய காலமும், அம்மலையூரில் பள்ளிவாசல் எழுந்த காலமும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவானவையல்ல. இரண்டும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. பெரிய நகரங்களில் வந்த ஆட்சி பழையதை இடித்துப் புதியதை எழுப்பும் ஆற்றல் பெற்றிருந்தது. சிறிய மலையூரிலோ மக்கள் இருந்ததை வைத்துக்கொண்டு அதற்குள் தம் வழிபாட்டை அமைத்தனர். ஆதலின், தலைநகரங்கள் இழந்த வரலாற்றைச் சிற்றூர்கள் காத்துத் தருகின்றன.

சிதறால் மலையின் எழுத்துகளை மீண்டும் படித்தவர் யார்? இங்கே திருவனந்தபுரம் பெருமைப்படத்தக்க பங்கு உடையது. ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தை 1891ஆம் ஆண்டு வெளியிட்ட பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். கல்லூரிப் பணிக்கிடையே திருவிதாங்கூரின் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, வேணாட்டு மன்னர் வரலாற்றுக்கு அடிப்படை இட்டவரும் அவரே. 1897ஆம் ஆண்டு தம் நாற்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அவருக்குப் பின், திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த து. அ. கோபிநாதராவ் ஆய் மன்னரின் செப்பேடுகளையும் இம்மலையின் கல்வெட்டுகளையும் படித்துத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் வெளியிட்டார். இந்துத் திருவுருவக் கலையைப் பற்றிய அவரது பெருநூல் இன்றும் ஆராய்ச்சியாளர் கையை விட்டு நீங்காதது. நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்து, திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 1931ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும், கவிஞர் என்னும் புகழுக்கு இடையே கல்வெட்டு ஆராய்ச்சியை விடாது செய்து, காந்தளூர்ச் சாலை பற்றி நூல் எழுதினார்.

இவர்கள் சமணர் அல்லர். தம் சமயத்தின் பெருமைக்காக அவர்கள் அப்பாறைகளைப் படிக்கவில்லை. தாம் வாழும் நிலத்தின் பழமையை அறிவது தம் கடமை என்று கருதினர். அதனால் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண்ணாசிரியரின் பெயர் பத்து நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் மனிதர் வாயால் உச்சரிக்கப்பட்டது. அடிவாரத்து மக்கள் மலையைக் காத்தனர். நகரத்து அறிஞர்கள் அதன் பொருளை மீட்டனர். இரண்டில் ஒன்று இல்லையெனினும் நமக்கு எதுவும் எஞ்சியிராது.

எழுத்தைப் பற்றி இன்னும் ஒன்று. இம்மலையில் தமிழை எழுதப் பயன்பட்ட வட்டெழுத்து, சோழர் ஆட்சி பரவிய பின்னர்ப் பாண்டிய நாட்டில் மெல்ல வழக்கிழந்தது. சேர நாட்டிலோ அது மேலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. கோலெழுத்து, மலையாண்மை என்னும் வடிவங்களாகவும் திரிந்து, மலையாள மொழியின் ஆவணங்களை எழுதப் பயன்பட்டது. தாயகத்தில் மறைந்த எழுத்தை அண்டை நாடு காத்தது என்பது சிந்திக்கத்தக்க செய்தி. பிறந்த வீட்டில் புழக்கமற்றுப் போன பழம்பாத்திரம் புகுந்த வீட்டில் நாள்தோறும் அடுப்பில் ஏறுவதை நாம் கண்டதில்லையா?

இனி நம் வினாவிற்கு வருவோம். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலும், பெங்களூரிலும், மும்பையிலும், தில்லியிலும் வாழும் தமிழர் ஆங்காங்கே கோயில் எடுக்கின்றனர், சங்கம் அமைக்கின்றனர், பள்ளியில் தமிழுக்கு இடம் கேட்கின்றனர். இவையெல்லாம் நிலைக்குமா என்று ஐயுறுவோர் திருச்சாரணத்து மலையை எண்ணிப் பார்க்கலாம். வீரநந்தி அடிகளுக்கு இவ்வூரில் வீடில்லை, உறவில்லை, மக்களும் இல்லை. அவர் விட்டுச்சென்ற திருமேனி ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அதனைக் காத்தவர்கள் அவருடைய ஊரார் அல்லர், இவ்வூரார். வந்தவன் செய்த நற்பணியை இருப்பவன் தனதாக ஏற்றுக்கொள்ளும்பொழுதே அது நிலைபெறுகிறது. அயலார் நுழையலாகாது என்று வேலியிட்டுக் காத்தவை, வேலியிட்டவரோடு மறைவதுண்டு. அடிவாரத்து உழத்தியும் ஏறிவந்து விளக்கேற்றலாம் என்று திறந்திருந்த குகை வாழ்ந்தது.

ஏற்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. அம்பிகை பகவதியானாள், அரிட்டநேமியின் பெயர் மறைந்தது, குரத்தியர் கற்பித்த பாடம் என்னவென்று அறிவார் இலராயினர். பிறர் கைக்குச் செல்வது அப்படியே செல்வதில்லை. பெயர் மாறும், பொருளும் சிறிது மாறும். நம் பேரக்குழந்தைகள் கன்னடத்திலோ இந்தியிலோ சிந்தித்துக்கொண்டே பொங்கலிடும் நாள் வரலாம். அந்நாளில் அது பொங்கல்தானா என்று வாதிடுவதைக் காட்டிலும், அது ஏன் இடப்படுகிறது என்று ஓர் எழுத்து எங்கேனும் எழுதிவைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பாறையில் ஒரு வரி எழுதிய துறவியர் செய்தது அதுவே. மாற்றத்தை அவர்களால் தடுக்க இயலவில்லை. ஆயினும் மாற்றத்திற்குப் பின் வருபவர் உண்மையை மீட்டுக்கொள்ள ஒரு வழியை விட்டுச்சென்றனர்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, நாம் வாழும் ஊரில் நம் முன்னோர் வந்த ஆண்டையும், எடுத்த கோயிலையும், நடத்திய பள்ளியையும், பேசிய சொற்களையும் இரு மொழியிலும் எழுதிவைத்தல். மற்றொன்று, நமக்கு முன் அவ்வூருக்கு வந்துபோன பிறருடைய அடையாளங்களை நம்முடையவை போலவே பேணுதல். சிதறால் மலை இன்று மைய அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. விடுமுறையில் கன்னியாகுமரிக்குச் செல்வோர் அரைநாள் ஒதுக்கி அதனைக் காணலாம். காலை வேளை ஏறுவதற்கு உகந்தது. செல்லும்பொழுது குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுதல் நன்று. கரியாலும் ஆணியாலும் தம் பெயரைப் பாறையில் கிறுக்க முனையும் இளைஞர் எவ்விடத்தும் உண்டு. அவர்களுக்கு அச்சணந்தியின் பெயரைச் சுட்டிக் காட்டி, அவர் அதனை எழுதும் உரிமையை எவ்வாறு பெற்றார் என்பதை எடுத்துச் சொல்லலாம். நெடுந்தொலைவு நடந்து வந்தார். பிறர் வணங்கத்தக்க ஒன்றை முதலில் செய்வித்தார். அதன் காலடியில், சிறிய எழுத்தில், தம் பெயரை எழுதினார்.